எங்க மஹல்லா பைத்துல்மால்: "தப்பு பண்ணவனுக்கும் குடுக்குறாங்களாமே"ன்னு கேக்குறவங்களுக்கு ஒரு ரிவ்யூ

ரமலான் நெருங்குனா போதும், ஊர் குரூப்ல ஒரு மெசேஜ் தவறாம வந்துரும். "நம்ம ஜகாத் காச குடிகாரன் வீட்டுக்கும் கஞ்சா கேஸ்ல உள்ள போனவன் வீட்டுக்கும் குடுக்குறாங்களாம், எல்லாரும் தெரிஞ்சுக்கங்க." கீழ நாலு பேரு அஸ்தஃபிருல்லாஹ் போடுவாங்க, ரெண்டு பேரு "நேரா ஏழை கையில குடுத்துருங்க, எதுக்கு இவங்க"ம்பாங்க, துபாய்ல சவூதில இருக்குற புள்ளைங்க யாருக்கு அனுப்புறதுன்னு தெரியாம முழிக்கும். நான் பல வருஷமா எங்க மஹல்லா பைத்துல்மால்லதான் (ஊர் முஸ்லிம்களோட பொது நிதி) குடுக்குறேன், பெண்கள் குழுவோட வீடு வீடா போய் விசாரிக்கிற வேலையும் கொஞ்ச காலம் பாத்தேன், அதனால உள்ள என்ன நடக்குதுன்னு ஓரளவு தெரியும். ஊர் பேரு வேணாம், ராமநாதபுரம் மாவட்டத்துல கடலோரமா இருக்குற ஒரு ஊரு, அவ்ளோ போதும். ஊர்க்காரங்களுக்கு தெரிஞ்சுரும், மத்தவங்க உங்க ஊர்ல எப்படின்னு ஒப்பிட்டு பாத்துக்கலாம்.

அஞ்சுக்கு நாலு ஸ்டார். அந்த ஒரு ஸ்டார் ஏன் போச்சுங்குறது கீழ இருக்கு.

மொதல்ல இவங்ககிட்ட எனக்கு புடிச்சது, காச மூணா பிரிச்சு வைக்கிறாங்க. ஜகாத் (வசதி உள்ள முஸ்லிம் மேல கடமையான தர்மம்) தனி கணக்கு, சதகா (விருப்பப்பட்டு குடுக்குற தர்மம்) தனி, பேங்க்ல வந்த வட்டிய தூக்கி போட நினைக்குறவங்களுக்கு இன்னொன்னு (அது கக்கூஸ் ரிப்பேர், சாக்கடை வேலைக்கு மட்டும் போகுது). ஆபீஸ் செவுத்துல மூணு க்யூஆர் கோடு ஒட்டிருக்கும். என்னடா இது சின்ன விஷயத்த போய் சொல்றாளேன்னு நினைக்காதீங்க, குரூப்ல வர்ற பாதி சண்டைக்கு பதில் அதுலதான் இருக்கு. ஜகாத் யாருக்குன்னு குர்ஆன்ல தௌபா சூரா (அத்தியாயம்) 60வது ஆயத்துல (வசனம்) எட்டு கூட்டத்த அல்லாஹ்வே சொல்லிட்டான், அதுக்கு மேல நம்ம இஷ்டம் இல்ல. சதகா அப்படி இல்ல, வாசல் ரொம்ப பெருசு. நல்லவன் கெட்டவன், முஸ்லிம் முஸ்லிம் அல்லாதவன் யாருக்கும் குடுக்கலாம், அல்இன்சான் சூராவுல மிஸ்கீன் (ஏழை), யதீமோட (அனாதை) சேத்து கைதிக்கும் சோறு குடுக்குறவங்கள அல்லாஹ் புகழுறான், அந்தக் காலத்து கைதின்னா பெரும்பாலும் எதிர்த்து சண்டை போட வந்த முஷ்ரிக்தான் (சிலை வணங்குறவன்). அப்ப "கெட்டவனுக்கு குடுக்கலாமா"ன்னு பொத்தாம் பொதுவா கேட்டா பதில் வராது, எந்தக் காச குடுக்குறீங்கன்னு மொதல்ல சொல்லணும். எங்க பைத்துல்மால் செயலாளர் காக்கா (அண்ணன்) யாரு சண்டைக்கு வந்தாலும் மொதல்ல அந்த க்யூஆர் பக்கம்தான் கைய காட்டுவாரு.

இப்ப குடிகாரன் வீட்டு விஷயம். நான் போன வீடுகள்ல புருஷன் குடிக்கிற வீடு நெறைய. மெம்பர் லிஸ்ட்ல அவன் பேரே இருக்காது, பொண்டாட்டி பேருதான். புருஷன் இருக்கான், சம்பாதிக்கிறான், ஆனா வீட்டுக்கு ஒரு ரூபா வரலன்னா அவ ஏழைதான், அவளுக்கு ஜகாத் குடுக்க தடை இல்லன்னு ஹஜ்ரத் (பள்ளிவாசல் இமாம்) தெளிவா சொல்லிட்டாரு. ஒருத்தர் சுமைய இன்னொருத்தர் சுமக்க மாட்டாங்கன்னு குர்ஆன்லயே இருக்கே, அவன் குடிச்சதுக்கு புள்ளைங்க ஏன் பட்டினி கெடக்கணும். இதுல குரூப்காரங்களுக்கு என்ன பிரச்சினைன்னு எனக்கு இன்னும் புரியல.

ரொக்கம் குடுக்குறதில்ல. கடைக்கு டோக்கன், அரிசி பருப்பு எண்ணெய். மொத மொத மாசத்துக்கு ஒரு டோக்கன்னு இருந்துச்சு, என்னாச்சுன்னா ஒரு கடைக்காரரு டோக்கன வாங்கிட்டு கொஞ்சம் புடிச்சுக்கிட்டு மிச்சத்த அந்த ஆளுங்க கையில காசாவே குடுத்துட்டாரு, அது நேரா டாஸ்மாக்குக்கு போச்சு. விஷயம் தெரிஞ்சதும் கடைய மாத்துனாங்க, வாராவாரம்னு ஆக்குனாங்க, பொண்டாட்டியோ வயசுக்கு வந்த புள்ளையோ வந்து நோட்டுல கையெழுத்து போட்டாத்தான் சாமான். இப்பவும் எண்ணெய் பாக்கெட் வெளிய விக்கப்படுது, அத நான் பாத்திருக்கேன், நூத்துக்கு நூறு அடைக்க முடியாது. ஆனா இந்த முறைக்கு ஆதாரம் தேடி எங்கயும் போக வேணாம், நிஸா சூராவுல அஞ்சாவது ஆயத்து: காச நிர்வாகம் பண்ண தெரியாதவன் கையில சொத்த குடுக்காதீங்க, ஆனா அதுலேர்ந்து அவனுக்கு சோறு குடுங்க, துணி குடுங்க, நல்ல வார்த்தை பேசுங்க. மூணாவதா சொன்னது இருக்கு பாருங்க, அதுலதான் கமிட்டி ஆளுங்க சில பேரு கோட்டை விடுறாங்க. டோக்கன் குடுக்கும்போதே "உம் புருஷன் நேத்து எங்க விழுந்து கெடந்தான் தெரியுமா"ன்னு அவகிட்ட கேக்குறது. அவளுக்கு தெரியாதா, அவதான தூக்கிட்டு வந்தா.

ஹஜ்ரத் ஒரு ஜும்ஆ பயான்ல (வெள்ளிக்கிழமை உரை) இதுக்கே ஒரு ஹதீஸ் (நபி சொன்னது செஞ்சது பத்தின அறிவிப்பு) சொன்னாரு. குடிச்சதுக்காக ஒருத்தர நபி (ஸல்) அவங்ககிட்ட கொண்டு வந்து அடி வாங்க வச்சாங்க, அடி முடிஞ்சு போகும்போது யாரோ "அல்லாஹ் உன்ன கேவலப்படுத்தட்டும்"னு சொல்லிட்டாங்க, அப்ப நபி அவங்க, அப்படி சொல்லாதீங்க, அவருக்கு எதிரா ஷைத்தானுக்கு உதவி பண்ணாதீங்கன்னு தடுத்தாங்க. புகாரிங்குற ஹதீஸ் தொகுப்புல வர்றது. அடி அடிதான், அத யாரும் குறைக்கல.

அடுத்தது கடன். இதுலதான் இந்த பைத்துல்மால் கொஞ்சம் கறாரா இருக்கு, எனக்கு சரின்னுதான் படுது. எட்டு கூட்டத்துல கடன்காரனும் ஒருத்தன். எங்க ஊரு ஷாஃபி ஊரு (ஷாஃபி மத்ஹப்ங்குற சட்ட வழி), அந்த வழியில வந்த மார்க்க அறிஞர் இமாம் நவவி சொன்னபடிதான் பாக்குறாங்க: நல்ல காரியத்துக்கோ வீட்டு செலவுக்கோ கடன் வாங்கி மாட்டிக்கிட்டவனுக்கு உண்டு, பாவத்துக்கு கடன் வாங்குனவனுக்கு கெடையாது, ஆனா அவன் தௌபா (மனந்திருந்தி பாவமன்னிப்பு கேக்குறது) பண்ணிட்டா குடுக்கலாம்ங்குறதுதான் வலுவான சொல்லு. ஆன்லைன் ரம்மி ஆடி, லோன் ஆப்ல வாங்கி, அப்புறம் உம்மாவோட நகைய வச்சு, கடைசில பைத்துல்மாலுக்கு வந்த பசங்க எத்தன பேரு தெரியுமா. 2025 ஆகஸ்ட்ல காசு வச்சு ஆடுற ஆன்லைன் கேம தடை பண்ணி மத்திய அரசு சட்டம் போட்டுச்சு, அதுக்காக பழைய கடன் கரைஞ்சு போயிருமா என்ன, கடன்காரன் வாசல்லதான் நிக்கிறான்.

இவங்க என்ன பண்றாங்கன்னா, பையன கூப்புட்டு பேசுவாங்க, போன்ல ஆப் எல்லாம் அழிச்சாச்சான்னு பாப்பாங்க, கொஞ்ச நாள் விட்டு பாப்பாங்க, அதுக்கு அப்புறம் கடன் குடுத்தவன் கணக்குக்கே நேரா அனுப்புவாங்க, பையன் கையில வராது. வட்டிய கட்ட மாட்டாங்க, அசல் மட்டும்தான், அதையும் பேசி குறைச்சு. நல்ல ஏற்பாடு. ஆனா தௌபா பண்ணிட்டேன்னு கமிட்டி முன்னாடி நின்னு எழுதிக் குடுன்னு கேக்குறாங்க பாருங்க, ஆறேழு பெரியவங்க வட்டமா ஒக்காந்து நடுவுல பையன நிக்க வச்சு, அது தேவையே இல்ல. தௌபா அவனுக்கும் அல்லாஹ்வுக்கும் நடுவுல, உங்களுக்கு வேண்டியது அவன் ஆட்டத்த நிறுத்திட்டானாங்குறது மட்டும்தான, அத போன் ஸ்டேட்மென்ட்டே சொல்லும். இத நான் நேர்லயே சொல்லிருக்கேன், "பொம்பளைங்களுக்கு இதெல்லாம் புரியாதும்மா"ன்னு ஒரு பதில் வந்துச்சு. சரி விடுங்க.

இப்ப ஜெயில் விஷயம். மெசேஜ்ல அதிகமா அடி வாங்குறது இதுதான்.

ஒருத்தன் உள்ள போனா அவன் வீட்டுக்கு உடனே ரேஷன் டோக்கன் ஆரம்பிச்சுருவாங்க, என்ன கேஸுன்னு பாக்க மாட்டாங்க. புள்ளைங்க ஸ்கூல் பீஸ் நேரா ஸ்கூலுக்கு. வக்கீல் பீஸ் மட்டும் கேஸ பொறுத்து, கஞ்சா விக்கிற கேஸ், பொண்ணுங்க மேல கை வச்ச கேஸ் இதுக்கு குடுக்க மாட்டாங்க, அது அவங்க முடிவு, எனக்கும் அதுல மாற்று கருத்து இல்ல. மதுரைக்கோ பாளையங்கோட்டைக்கோ மனு போட்டு பாக்க போற உம்மாமார்களுக்கு பஸ் காசும் தர்றாங்க. வெளிய வந்தவனுக்கு ஒரு தள்ளுவண்டியோ, வலையோ, தையல் மெஷினோ, தொழில் சாமானா வாங்கி குடுக்குறாங்க. அதுவும் சதகா கணக்குலேர்ந்து, ஜகாத்லேர்ந்து குடுக்குறதா இருந்தா அவன் அந்த எட்டுல எதுலயாவது வரணும்னு பாத்துதான்.

இதுக்கு ஹதீஸ் ஒண்ணு எல்லாரும் சொல்லுவாங்க, உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும். ஒருத்தர் ராத்திரில ரகசியமா சதகா குடுக்க கெளம்புனாரு, போய் விழுந்தது திருடன் கையில. காலைல ஊரே பேசுது, நேத்து ராத்திரி திருடனுக்கு சதகா குடுத்திருக்காங்கப்பான்னு (பாருங்க, குரூப் மெசேஜ் அப்பவே இருந்திருக்கு). அவரு அல்ஹம்துலில்லாஹ்ன்னுட்டு அடுத்த ராத்திரி போனாரு, அது விபச்சாரி கையில போச்சு, மூணாவது ராத்திரி பணக்காரன் கையில. கடைசில அவருக்கு சொல்லப்பட்டது என்னன்னா, திருடன் அதனால திருட்ட விடலாம், அவ அதனால அந்த தொழில விடலாம், பணக்காரன் அத பாத்து தானும் குடுக்க ஆரம்பிக்கலாம். அபூஹுரைரா (ரலி) அறிவிச்சது, புகாரி, முஸ்லிம்ங்குற ரெண்டு ஹதீஸ் தொகுப்புலயும் இருக்கு.

ஆனா நேர்மையா சொல்லணும்னா குரூப்ல ஒரு தம்பி எழுப்புன கேள்வி நியாயமான கேள்வி. "அவருக்கு தெரியாம குடுத்தாரு லாத்தா (அக்கா), நம்ம பைத்துல்மால் தெரிஞ்சே குடுக்குதே"ன்னான். ஆமா, அந்த ஹதீஸ வச்சு மட்டும் வாதம் பண்ண முடியாது, ஆலிம்களே (மார்க்க அறிஞர்கள்) அது ஜகாத்துக்கு பொருந்துமா இல்ல உபரி தர்மத்துக்கு மட்டுமான்னு பேசிருக்காங்க. அதனால நான் அந்த தம்பிக்கு மிஸ்தஹ் (ரலி) அவங்க கதையத்தான் சொன்னேன், ஏன்னா அங்க எல்லாமே தெரிஞ்சு நடந்தது.

மிஸ்தஹ், நபியோட தோழர் அபூபக்கர் (ரலி) அவங்களோட சின்னம்மா பொண்ணு பெத்த புள்ள. பரம ஏழை, ஹிஜ்ரத் பண்ணி (மக்காவ விட்டு மதீனாவுக்கு) வந்தவங்க, பத்ர் போர்ல கலந்துக்கிட்டவங்க. செலவுக்கு அபூபக்கர்தான் குடுத்துக்கிட்டு இருந்தாங்க. அப்படி சோறு போட்டவரோட மக மேலயே, நபியோட மனைவி ஆயிஷா (ரலி) அவங்க மேல முனாஃபிக்கு (வெளிய முஸ்லிமா நடிச்சவன்) கெளப்பி விட்ட அந்த நடத்தை பழிய இவரும் சேந்து பேசுனாரு. ஆயிஷா அவங்களுக்கு முழு விஷயமும் தெரிய வந்ததே மிஸ்தஹோட உம்மாவாலதான், ராத்திரி ரெண்டு பேரும் வெளிய போயிட்டு வரும்போது அந்த அம்மா போர்வை தடுக்கி "மிஸ்தஹ் நாசமா போக"ன்னு பெத்த புள்ளைய சபிச்சாங்க, ஆயிஷா உடனே "பத்ர்ல நின்ன ஆள இப்படி சொல்றீங்களே"ன்னு அவருக்காக பேசுனாங்க. தன்னப் பத்தி அவரு என்ன பேசிக்கிட்டு திரிஞ்சாருன்னு தெரியாமயே! ஆயத்து எறங்கி ஆயிஷா சுத்தமானவங்கன்னு ஆனதும் அபூபக்கர், இனி மிஸ்தஹுக்கு ஒரு காசு குடுக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணிட்டாங்க. எந்த வாப்பாவா இருந்தாலும் அதத்தான் பண்ணுவாரு. அப்பதான் நூர் சூரா 22வது ஆயத்து வருது: உங்கள்ல வசதி உள்ளவங்க, சொந்தக்காரங்களுக்கும் ஏழைகளுக்கும் அல்லாஹ்வுக்காக ஊர விட்டு வந்தவங்களுக்கும் குடுக்க மாட்டோம்னு சத்தியம் பண்ண வேணாம், மன்னிச்சு விடட்டும், அல்லாஹ் உங்கள மன்னிக்கணும்னு நீங்க ஆசப்பட மாட்டீங்களா. அபூபக்கர் "ஆமா, ஆசப்படுறேன்"னுட்டு மறுபடி குடுக்க ஆரம்பிச்சாங்க, இனிமே நிறுத்தவே மாட்டேன்னும் சொல்லிட்டாங்க.

அதே சூராவுல நாலாவது ஆயத்துல பழி போட்டவனுக்கு 80 கசையடின்னு இருக்கு, மிஸ்தஹுக்கு அந்த தண்டனை குடுக்கப்பட்டதாவும் ரிவாயத்து (அறிவிப்பு) இருக்கு. தண்டனைய யாரும் விடல, சோத்தையும் யாரும் நிறுத்தல. ரெண்டையும் போட்டு குழப்புறதுதான் எங்க ஊர் குரூப்போட வேலை. கோர்ட்டு ஜெயில்ல போட்டா போடட்டும், அதுக்கு மேல அவன் வீட்டு அடுப்பையும் நம்ம அணைக்கணுமா?

எதிர் தரப்ப ஒரேயடியா ஒதுக்கவும் கூடாது. பாவத்துக்கு ஒத்தாசை பண்ணாதீங்கன்னு மாயிதா சூராவுல தெளிவா இருக்கு, இந்தக் காசு சாராயத்துக்குத்தான் போகும்னு தெரிஞ்சே அவன் கையில குடுத்தா அது பாவம், இதுல யாருக்கும் ரெண்டு கருத்து இல்ல. இப்னு தைமியாங்குற பழைய ஆலிம், தீன்ல (மார்க்கத்துல) ஒழுங்கா இருக்குற ஏழைக்கு ஜகாத்த தேடி குடுங்க, பித்அத்தையும் (மார்க்கத்துல புதுசா சேத்தது) பாவத்தையும் வெளிப்படையா பண்றவனுக்கு உதவி பண்ணி தூக்கி விடாதீங்கன்னு சொன்னவரு. தொழாதவனுக்கு ஜகாத் கூடாதுன்னு சொல்றவங்க அதத்தான் புடிச்சுக்குவாங்க. "உன் சாப்பாட்ட தக்வா (இறையச்சம்) உள்ளவன் தவிர யாரும் சாப்பிட வேணாம்"னு அபூதாவூத்ங்குற ஹதீஸ் தொகுப்புல ஒரு ஹதீஸும் காட்டுவாங்க. ஆனா அது விருந்துக்கு கூப்புடுற சாப்பாட்ட பத்தினது, பசிச்சவனுக்கு போடுற சோத்த பத்தி இல்லன்னு கத்தாபி மாதிரி பழைய ஆலிம்களே சொல்லிட்டு போயிருக்காங்க, கைதிக்கு சோறு போடுன்னு குர்ஆன் சொல்லும்போது வேற எப்படி பொருள் வரும்.

எனக்கு என்ன தோணுதுன்னா, ஆளு நல்லவனா கெட்டவனான்னு அளக்குறத விட காசு எந்த வழியா ஒழுகுதுன்னு பாக்குறதுதான் பைத்துல்மாலோட வேலை. இது புதுசும் இல்ல. 8ஆம் நூற்றாண்டுல ஹாரூன் ரஷீத் கலீஃபாவுக்கு அபூ யூசுஃப்ங்குற சட்ட அறிஞர் எழுதி குடுத்த கிதாபுல் கராஜ்ங்குற புத்தகத்துல ஜெயில் கைதிங்க பத்தி ஒரு பகுதி இருக்கு. கைதிங்க சங்கிலியோட தெருவுல எறங்கி பிச்சை எடுக்குற நெலம இருந்திருக்கு, இது அசிங்கம், பைத்துல்மால்லேர்ந்து ஆளுக்கு மாசம் 10 திர்ஹம் குடுங்க, கோடைக்கு குளிருக்குன்னு துணி குடுங்கன்னு சொல்றாரு. ரொட்டியா குடுக்காதீங்க, காசா குடுங்க, ரொட்டியா குடுத்தா ஜெயில் ஆளுங்க தின்னுருவாங்க, நம்பிக்கையான ஒருத்தர வச்சு பேரு பட்டியல் எழுதி ஒவ்வொருத்தரா கூப்புட்டு கையில குடுங்கன்னு. குடிகாரன் வீட்டுக்கு காசு வேணாம் அரிசி குடு, ஜெயிலுக்கு ரொட்டி வேணாம் காசு குடு. ஒழுகுற எடம் வேற வேற, அவ்ளோதான்.

ஜெயில் விஷயத்துல கமிட்டிக்கு ஒரு யோசனையும் சொல்லிருக்கேன், இன்னும் நடக்கல. ஜாமீன் கெடச்சும் கட்ட காசில்லாம உள்ளயே கெடக்குறவங்களுக்கு மத்திய அரசு திட்டம் 2023லேர்ந்து இருக்கு, ஆரம்பிச்சப்ப ஜாமீனுக்கு 40,000 ரூபா வரைக்கும், அபராதம் கட்ட முடியாத தண்டனை கைதிக்கு 25,000 வரைக்கும்னு இருந்துச்சு. போதைப்பொருள் கேஸ், யுஏபிஏ (தீவிரவாத தடுப்பு சட்டம்) கேஸுக்கெல்லாம் கெடையாது. சில்லறை அடிதடி கேஸ்ல இருக்குற நம்ம பசங்களுக்கு மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு மூலமா அதுக்கு எழுதி போட்டா சதகா காசு மிச்சம் ஆகும். யாராவது வக்கீலுக்கு படிச்ச புள்ளைங்க இதுக்குன்னு வந்து ஒக்காந்தா புண்ணியமா போகும், கமிட்டில முக்காவாசி பேரு ரிட்டயர்டு ஆளுங்க, ஆன்லைன் மனுன்னாலே பயப்படுறாங்க.

சரி, அந்த போன ஸ்டாருக்கு வர்றேன். போட்டோ. சாமான் குடுக்கும்போது போட்டோ எடுத்து வளைகுடா ஜமாத் குரூப்ல போடுறாங்க, குடுக்குறவங்களுக்கு நம்பிக்கை வரணும்னு காரணம் சொல்றாங்க. போன வருஷம் பெருநாள் துணி குடுத்தப்ப, வாப்பா ஜெயில்ல இருக்குற ஒரு சின்ன பொண்ணு மொகம் பளிச்சுன்னு தெரியுது, பின்னாடி பேனர் வேற. மறுநாள் மதரஸாவுல மத்த புள்ளைங்க கேட்டுருச்சுங்க. சொல்லிக்காட்டியும் மனச நோகடிச்சும் உங்க சதகாவ வீணாக்கிடாதீங்கன்னு பகரா சூராவுல 264வது ஆயத்து இருக்கு, அதே பேனர்ல அடியில அந்த சூராவோட வேற ஆயத்து அச்சடிச்சிருந்தாங்க, அத பாத்து நான் என்ன சொல்றது. சத்தம் போட்டதுக்கு அப்புறம் இப்ப மொகத்த மறைச்சு போடுறாங்களாம். மறைக்கவும் வேணாம் எடுக்கவும் வேணாம், பில்ல போடுங்க போதும், கடை பில்லு, ஸ்கூல் ரசீது, அத விட என்ன நம்பிக்கை வேணும்.

இன்னொரு சின்ன குறை, கணக்கு. வருஷத்துக்கு ஒரு தடவை பள்ளிவாசல் போர்டுல ஒட்டுறாங்க, ஆனா போர்டு ஆம்பளைங்க பக்கம் இருக்கு. ஜகாத் குடுக்குறதுல பாதி பேரு பொம்பளைங்க. நான் பொறந்த எடம் ஹனஃபி (இன்னொரு சட்ட வழி), நகைக்கும் ஜகாத் கணக்கு பாத்து வளந்தவ, இங்க ஷாஃபில போடுற நகைக்கு கெடையாதுன்னு சொன்னாலும் உம்மா வீட்டு வழக்கப்படி குடுத்துக்கிட்டுதான் இருக்கேன், அந்தக் கணக்க நான் எங்க போய் பாக்குறது? பிடிஎஃப் அனுப்புங்கன்னு கேட்டு வச்சிருக்கேன்.

யாருக்கு இது செட் ஆகும்: வெளிநாட்டுல இருக்குறவங்க, நேர்ல விசாரிக்க நேரம் இல்லாதவங்க, தெரு வாசல்ல வரிசையில நிக்க வச்சு 100, 200ன்னு குடுக்குறது புடிக்காதவங்க. தெம்பா இருந்துக்கிட்டு வேலைக்கு போகாம வருஷா வருஷம் வந்து நிக்கிறவங்கள இவங்க திருப்பி அனுப்பிடுவாங்க, சம்பாதிக்க தெம்பு இருக்குறவனுக்கு இதுல பங்கில்லன்னு ஹதீஸே இருக்கு, அதுக்காக இவங்கள கல்நெஞ்சுக்காரங்கன்னு பேசுறவங்களும் ஊர்ல உண்டு. குடிகாரனுக்கு குடுத்தாலும் தப்பு, சோம்பேறிக்கு குடுக்காட்டியும் தப்பு, என்னதான் பண்ணுவாங்க பாவம்.

யாருக்கு செட் ஆகாது: என் காசு ஆலிம் குடும்பத்துக்கோ மதரஸா புள்ளைங்களுக்கோ மட்டும் போகணும்னு நினைக்குறவங்க. அதுலயும் வழி இருக்கு, ரசீதுல "எதுக்காக"ன்னு ஒரு கட்டம் இருக்கும், அதுல எழுதிட்டா வேறதுக்கு தொட மாட்டாங்க, நான் ஒரு தடவை "மருத்துவத்துக்கு மட்டும்"னு எழுதி குடுத்து ஆஸ்பத்திரி பில்லு நகல் வரைக்கும் கேட்டு வாங்கி பாத்துட்டேன்.

ஆபீஸ் அஸர் தொழுகைக்கு அப்புறம் மஃக்ரிப் வரைக்கும், ரமலான்ல தராவீஹ் முடிஞ்சும் தொறந்திருக்கும். 27வது கிழமைல (ரமலான் 27வது ராத்திரி) போகாதீங்க, கூட்டத்துல எந்தக் கணக்குல போட்டாங்கன்னே தெரியாது. ஜிபேல அனுப்புனா ஜகாத்தா சதகாவான்னு மெசேஜ்ல எழுதுங்க, எழுதலன்னா சதகாவுல சேத்துருவாங்க. ரசீது கேட்டு வாங்குங்க, கேட்டாதான் தருவாங்க.